எதிரே கேட்டது யார்?

ஹால்வாரெஸ். 2005க்குப் பிறகு அமெரிக்காவின் ஸ்னாப்நேம்ஸ் நிறுவனத்தில் இணையதளப் பெயர்களை ஏலம் கேட்டவர்கள் பலருக்கு இந்தக் கணக்கோடு மோதிய அனுபவம் உண்டு. ஆள் யாரென்று எவருக்கும் தெரியாது. 2009 நவம்பரில் அந்த நிறுவனமே உண்மையை வெளியிட்டது. ஹால்வாரெஸ் என்று ஒருவர் இல்லவே இல்லை. அது நிறுவனத்தின் பொறியியல் பிரிவுத் துணைத்தலைவர் வைத்திருந்த பொய்க்கணக்கு. 2005 முதல் நடந்த ஏலங்களில் சுமார் 5 சதவீதத்தில் அந்தக் கணக்கு புகுந்திருந்தது. சிலவற்றில் தானே ஜெயித்துவிட்டு, கட்டிய பணத்தில் ஒரு பகுதியை நிறுவனத்திடமிருந்து கமுக்கமாகத் திரும்ப வாங்கியும் இருக்கிறார். பொய்க்கணக்கின் போட்டியால் கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு அந்த வித்தியாசத்தை 5.22 சதவீத வட்டியோடு தருவதாக நிறுவனம் அறிவித்தது.

ஈரோட்டில் சிறு கடைகளுக்கும் நெசவாளர்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். டொமைன் ஏலம் பெரிய கம்பெனிகளின் விவகாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டொமைன் பெயரை நாம் நிரந்தரமாக வாங்குவதில்லை, ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து வைத்திருக்கிறோம், அவ்வளவுதான். டாட் காம் பெயர் ஒன்றைப் புதுப்பிக்காமல் விட்டால், பதிவு நிறுவனம் அதை 45 நாள் வரை கையில் வைத்திருக்கலாம். நீக்கிய பிறகு, அபராதம் போலக் கூடுதல் கட்டணம் கட்டி மீட்டுக்கொள்ள 30 நாள். அப்புறம் 5 நாள் கழித்து யார் வேண்டுமானாலும் பதியலாம். ஆனால் பல நிறுவனங்கள் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. முதல் 45 நாளுக்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுகின்றன.

பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு இதுதான் நடந்தது. நினைவூட்டல்கள் எல்லாம் அவர் பயன்படுத்துவதையே விட்டுவிட்ட பழைய மின்னஞ்சலுக்குப் போயிருக்கின்றன. விஷயம் தெரிந்தபோது பெயர் ஏலத்தில் இருந்தது. அதிகபட்சம் 40,000 ரூபாய் வரை போகலாம் என்றார். அந்தத் தொகையைக் கணினியில் போட்டேன். எதிரே கேட்பவர் ஏற்ற ஏற்ற, நம் உச்சத்தொகை வரைக்கும் கணினியே நமக்காகக் கேட்டுக்கொண்டு போகும். முகம் தெரியாத ஒரு கணக்கு விலையை 38,500 வரை இழுத்துவிட்டு நின்றுவிட்டது. “நம்ம கடைப் பேர வெச்சு இன்னொருத்தர் என்ன பண்ணப் போறாரு? யாருன்னு கேட்டுச் சொல்லுங்க தம்பி” என்றார் அண்ணன். எழுதிக் கேட்டேன். வாடிக்கையாளர் விவரங்களைத் தர இயலாது என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

அது நேர்மையான போட்டியாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு வழியே இல்லை. என் கோபம் அதன் மேல்தான். ஊரில் கோயில் புளியமர ஏலத்திலும் பேசிவைத்துக்கொண்டு கேட்பவர்கள் உண்டு. ஆனால் யார் யாருக்காகக் கேட்டார் என்பது பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இணைய ஏலத்தில் நம் உச்சத்தொகை ஏலம் நடத்துபவரின் கணினியில் இருக்கிறது, எதிராளியின் அடையாளமும் அவரிடமே இருக்கிறது, விலை ஏறினால் வருமானமும் அவருக்குத்தான். முன்பெல்லாம் ஏலம் முடிந்தபின் ஹூஇஸ் பதிவேட்டில் பெயர் யாருக்குப் போனது என்றாவது பார்க்கலாம். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் அமலுக்கு வந்த பிறகு, தனிநபர்களின் பெயர்கள் பெரும்பாலும் அதில் மறைக்கப்பட்டுவிட்டன. தனியுரிமை வேண்டியதுதான். ஆனால் ஏலத்தை வெளியாள் சரிபார்க்க இருந்த வழி அதனால் குறுகிப்போனது.

உலகின் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு நடத்திய ஏலத்துக்கே இந்த நிலைதான். 2016 ஜூலை இறுதியில் டாட் வெப் என்ற முகவரிப் பின்னொட்டு ஏலம் விடப்பட்டது. நு டாட்கோ என்ற சிறிய நிறுவனம் அதை 13.5 கோடி டாலருக்கு எடுத்தது. அந்த நிறுவனம் கைமாறிவிட்டதோ என்று சந்தேகப்பட்ட போட்டியாளர்கள் ஏலத்தைத் தள்ளிவைக்கும்படி முன்பே கேட்டிருந்தார்கள். ஐகான் மறுத்துவிட்டது. அதே வாரம் டாட் காமை நடத்தும் வெரிசைன் தன் காலாண்டு அறிக்கையில், எதிர்காலத்தில் கைக்கு வரவேண்டிய ஒப்பந்த உரிமைகளுக்காகச் சுமார் 13 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தது. எந்த உரிமை என்று அதில் இல்லை. ஆகஸ்ட் 1 அன்று வெரிசைனே சொல்லிவிட்டது: டாட் வெப்புக்குப் பணம் போட்டது தாங்கள்தான். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் பினாமி ஏலம்.

இரண்டாவதாக வந்த அஃபிலியாஸ் 2018இல் நடுவர் குழுவிடம் போனது. 2021 மே மாதம் தீர்ப்பு வந்தது. நு டாட்கோ விதியை மீறியதா என்பதை முடிவு செய்யாமலே விட்டதால் ஐகான் தன் சொந்தச் சட்டவிதிகளை மீறிவிட்டது என்றது குழு. டாட் வெப் யாருக்கு என்று அது சொல்லவில்லை, அந்தக் கேள்வியை ஐகானிடமே திருப்பி அனுப்பியது. ஏலம் முடிந்து ஏறக்குறைய ஐந்து ஆண்டு கழித்தும் அந்தக் கேள்விக்கு விடை கிடைத்திருக்கவில்லை.

என் கோரிக்கைகள் இவை. ஏலம் நடத்துபவரும் அவருடைய ஊழியர்களும் கேட்கக்கூடாது. பெயரின் சொந்தக்காரர் தன் பெயருக்குத் தானே விலை ஏற்றக்கூடாது. யார், எப்போது, எவ்வளவு கேட்டார் என்ற பதிவை வெளித் தணிக்கையாளர் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். தோற்றவரின் பெயரை எல்லோருக்கும் சொல்லச் சொல்லவில்லை, யாராவது ஒருவர் பார்க்கட்டும் என்கிறேன். அதுவரை இந்த ஏலங்களை நேர்மையானவை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

ஐகான் விதிப்படி, காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் பதிவு நிறுவனம் உங்களுக்கு நினைவூட்டல் அனுப்ப வேண்டும். காலாவதியான ஐந்து நாளுக்குள் இன்னொன்றும் வர வேண்டும். அவை எந்த மின்னஞ்சலுக்கு வருகின்றன என்று இன்றைக்கே பாருங்கள். முகவரி பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள்.