அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மரபுவழி மாணவர் சேர்க்கை

ஒரு பல்கலைக்கழகத்தில் படித்தவர்களின் பிள்ளைகளுக்கு அதே பல்கலைக்கழகம் சேர்க்கையில் காட்டும் சலுகை மரபுவழிச் சேர்க்கை எனப்படும். ஐக்கிய அமெரிக்காவின் புகழ்பெற்ற தனியார் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இது இன்றும் நடைமுறையில் உள்ளது. மதிப்பெண் வரிசைப்படி இடம் ஒதுக்கும் கலந்தாய்வு முறைக்குப் பழகிய நம் மாணவர்களுக்கு இது வியப்பளிக்கலாம். அங்கே தேர்வு மதிப்பெண்ணுடன் கட்டுரை, பரிந்துரைக் கடிதம், விளையாட்டு, குடும்பத் தொடர்பு ஆகியவையும் எடைபோடப்படுகின்றன.

இம்முறை 1920களில் வேரூன்றியது. நுழைவுத் தேர்வில் வென்று ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றில் சேர்ந்த யூத மாணவர்களின் எண்ணிக்கை அப்போது உயர்ந்து வந்தது. அதைக் கட்டுப்படுத்த ‘குணநலன்’, குடும்பம் போன்ற அளவுகோல்கள் புகுத்தப்பட்டன. நோக்கம் மறைந்தபின்னும் அளவுகோல் மறையவில்லை.

புது தில்லியில் பிறந்த பொருளியலாளர் ராஜ் செட்டியும் அவருடைய குழுவினரும் 2023இல் வெளியிட்ட ஆய்வு இதன் விளைவைத் துல்லியமாக அளந்தது. ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டும் ஸ்டான்ஃபோர்டு, எம்.ஐ.டி., டியூக், சிகாகோ ஆகியவையும் அதில் ஆராயப்பட்டன. ஒரே மதிப்பெண் பெற்றிருந்தாலும், வருமானத்தில் முதல் 1% குடும்பங்களின் பிள்ளைகள் இவற்றில் சேரும் வாய்ப்பு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைகளின் வாய்ப்பைப் போல இரு மடங்குக்கும் அதிகம். மரபுவழிச் சலுகை, பாடம் சாராத திறன்களுக்கான மதிப்பீடு, விளையாட்டு வீரர் தேர்வு ஆகிய மூன்றும் இதற்கான முக்கியக் காரணங்கள். விளையாட்டு என்றதும் ஏழை மாணவருக்கு ஏற்றம் தரும் வழி என்றே எண்ணத் தோன்றும். ஆனால் படகோட்டம், வாட்போர், ஸ்குவாஷ் போன்றவற்றுக்கும் அங்கே தனி இடமுண்டு. இவற்றில் பயிற்சி பெறவே வசதி வேண்டும். மாநில அரசுகளின் முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இத்தகைய ஏற்றத்தாழ்வு காணப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

கட்டணம்தான் தடை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் ஹார்வர்டு போன்றவை குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்கு முழு உதவி தருகின்றன. உள்ளே நுழைவதுதான் கடினம்.

இந்தப் பன்னிரண்டிலும் படிப்போர் அமெரிக்கரில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. அவ்வளவு சிலருக்காக ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்கலாம். அந்நாட்டு மேலவை உறுப்பினர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இங்கே படித்தவர். இங்கு படிப்பதால் ஒருவரது சராசரி வருமானம் பெரிதாக உயர்வதில்லை. ஆனால் வருமானத்தின் உச்சத்தை எட்டும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது.

எம்.ஐ.டி. இச்சலுகையைத் தருவதில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் 2014 முதல் கைவிட்டது. 2009க்கும் 2019க்கும் இடையில் அங்கு புதிய மாணவர்களில் மரபுவழியினர் 12.5%லிருந்து 3.5%ஆகக் குறைந்தனர், அரசு உதவித்தொகைக்குத் தகுதியான ஏழை மாணவர்களின் பங்கு ஏறத்தாழ இரு மடங்கானது. இதே காலத்தில் மைக்கேல் புளூம்பெர்க் மாணவர் உதவிக்கெனப் பெருந்தொகை வழங்கியதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சேர்க்கையில் இனத்தைக் கருத்தில் கொள்வதற்கு உச்ச நீதிமன்றம் 2023 சூனில் தடை விதித்த பிறகு, பிறப்பால் வரும் இச்சலுகை மட்டும் எப்படி நீடிக்கலாம் என்ற கேள்வி வலுத்தது. கலிபோர்னியா 2024இல் தனியார் கல்லூரிகளிலும் இதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. ஸ்டான்ஃபோர்டோ மாநில அரசின் மாணவர் உதவித் திட்டத்திலிருந்து விலகிக்கொண்டு, சலுகையைத் தொடர்வதாக 2025இல் அறிவித்தது.