டிக்கெட் வாங்கினால் சீட்டு இலவசம்

அரக்கர்கள் மோதுகிறார்கள், ஆயுதம், சீட்டுக்கட்டு. ஜப்பானுக்கு முன்பே அமெரிக்காவில் 2004 ஆகஸ்டில் வெளியான ஜப்பானிய அனிமேஷன் படம் 'யூ-கி-ஓ', உயிர்த்தெழும் எகிப்தியத் தீயசக்தி அனுபிஸைச் சீட்டாடியே எதிர்கொள்ளும் பள்ளி மாணவனின் கதை. விமர்சகர்கள் கிழித்தார்கள். குழந்தைகளின் கண்ணோ டிக்கெட்டுடன் தரப்பட்ட இலவசச் சீட்டின் மீது. நான்கு வகையில் ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும். மற்ற மூன்றும் வேண்டுமா? அப்பாவின் பர்ஸ்தான் மறுபடி திறக்க வேண்டும். கடையில் விற்கும் பாக்கெட்டுகளிலும் இதே தந்திரம்தான்: பிரித்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். இத்தனைக்கும் 1996இல் கஸுகி டகாஹஷி வரையத் தொடங்கிய மூலக் காமிக்ஸில் சீட்டாட்டம் பல விளையாட்டுகளில் ஒன்று, அவ்வளவே. வாசகர்கள் அதையே விரும்ப, மற்றதெல்லாம் ஓரங்கட்டப்பட்டது. கதைக்காகப் பிறந்த சீட்டு, கடைசியில் தன்னை விற்கக் கதை சொல்ல வைத்துவிட்டது.