உனக்கான கணக்கு 72 இல்லை, தம்பி

கோல்ஃப் ஸ்கோர் கார்டை மேசையில் போட்டு அதன்மேலேயே தே தாரிக் கிளாஸை வைத்தான் தம்பி. மொத்தம் 131. தளத்தின் பார் 72.

“செட்ட வித்துரலாம்னு இருக்கேண்ணே. ரேஞ்சுல அடிச்சா முக்காவாசி பந்து நேரா போகுது. தளத்துல போய் நின்னா ஒண்ணுகூட போக மாட்டேங்குது. கூட வந்த மூணு பேரும் என் பந்தத் தேடியே களைச்சிட்டாங்க. மானம் போச்சு.”

ஜோகூரின் யோங் பெங்கில் கோலாலம்பூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி மீன் உருண்டைக்கு வரிசை பிடிக்கும் நேரம் அது. எங்கள் ஒட்டுக்கடையில் கூட்டம் இல்லை. ரொட்டி சானாய் வரத் தாமதமாகும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். சரி, இவனிடம் பேச நேரம் இருக்கிறது என்று கார்டை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

முதலில் அந்த 72 யாருடையது என்று பார்க்க வேண்டும். பார் என்பது நன்கு தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு குழியை எத்தனை அடியில் முடிப்பார் என்ற எதிர்பார்ப்பு. குழிக்கு இரண்டு பட், அதாவது குழியைச் சுற்றியுள்ள கிரீனில் பந்தை உருட்டும் அடி, என்று அதிலேயே சேர்த்திருக்கிறார்கள். ஆக 18 குழிக்கு 36 பட், கணக்கில் சரிபாதி. மிச்சம் 36 அடியில் அத்தனை கிரீனையும் எட்டிவிட வேண்டும். வேலை முடிந்து வாரத்தில் ஒரு நாள் ரேஞ்ச் என்னும் பயிற்சித் திடலுக்குப் போகிறவனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இல்லை என்று விளையாட்டை நடத்துகிறவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 2020-இல் உலகம் முழுவதற்கும் ஒரே ஹேண்டிகாப் முறை வந்தது. அதில் ஆணோ பெண்ணோ, உச்ச வரம்பு 54. அதாவது புதிதாக வருகிறவருக்குக் குழிக்கு மூன்று அடி சலுகை. 72-உடன் 54-ஐக் கூட்டினால் 126. தளத்தின் கடினத்துக்குத் தக்க இந்த எண் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் தம்பி தன் ஆட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டிய அளவுகோல் ஏறக்குறைய இதுதான்.

“அப்படின்னா நான் 59 கூட அடிக்கலையா?”

“அஞ்சுதான் கூட.”

கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஆனால் எண்ணை மாற்றிச் சொன்னதால் பந்து நேராகப் போய்விடாதே. அதனால் ஏழாவது குழியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாகச் சொல்லச் சொன்னேன். பார் நான்கு, நீளம் 330 மீட்டர். கார்டில் 10.

தூர அடிக்கான டிரைவர் மட்டையை எடுத்து முழு பலத்தோடு வீசியிருக்கிறான். பந்து வலப்பக்கம் வளைந்து மரங்களுக்குள் போய்விட்டது. ஒன்று. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு சந்து தெரிந்ததாம், அதன் வழியே கிரீனைப் பார்த்து அடித்தான். பந்து மரத்தில் பட்டுக் காலடிக்கே திரும்பி வந்தது. இரண்டு. விடவில்லை, அதே சந்தில் மறுபடியும். இந்த முறை வெளியே வந்தது, ஆனால் ஃபேர்வேயைத் தாண்டி எதிர்ப்பக்கப் புதரில். மூன்று. நான்காவது பங்கர் மணலில் விழுந்தது. ஐந்தாவது மணலை மட்டும் அள்ளியது. ஆறாவது கிரீனுக்கு மேலே பறந்து அந்தப் பக்கம் இறங்கியது. ஏழாவதில் கிரீன். பிறகு மூன்று பட்.

“எந்த அடி உன்னக் கெடுத்துச்சு?”

“மொத அடிதாண்ணே. அந்த டிரைவர்.”

எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். முதல் அடி போன இடத்திலிருந்து பந்தைப் பக்கவாட்டில் ஃபேர்வேக்குத் தட்டிவிட்டிருந்தால் நஷ்டம் ஓர் அடி. பந்து வேருக்குள் சிக்கியிருந்தாலும் விதி கைகொடுக்கும்: ‘ஆட முடியாத நிலை’ என்று சொல்லி, ஓர் அடி தண்டம் கட்டி, இரண்டு கிளப் நீளத்துக்குள் எடுத்து வைத்து ஆடலாம். அந்த நஷ்டத்தை உடனே மீட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் அடித்த இரண்டாவதும் மூன்றாவதும்தான் குடியைக் கெடுத்தவை. கோல்ஃபில் விட்டதைப் பிடிக்கப் போகிற கைக்கு இருப்பதும் போய்விடும்.

இப்போது அதே குழியை வேறு மாதிரி ஆடிப் பார்ப்போம் என்றேன். ஏழாம் நம்பர் அயர்னில் அவனுக்கு 110 மீட்டர் போகிறது. மூன்று அடி சேர்ந்தால் 330. மூன்றாவது கிரீனில் நிற்காமல் ஓரத்தில் விழுந்தது என்றே வைப்போம். நான்காவதாக ஒரு சின்னத் தட்டு, பிறகு இரண்டு பட். ஆறு. குழிக்கு மூன்று சலுகை உள்ளவனுக்கு இந்தக் குழியில் ஏழு அடித்தாலே பார் அடித்த மாதிரி. ஆறு என்றால் அவனுக்கு அது பேர்டி, பாரைவிட ஒன்று குறைவு.

டிரைவரைத் தொடாதே என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பந்து வலப்பக்கம் வளைவது, மோதும் நேரத்தில் கிளப்பின் முகம் அது வீசி வரும் பாதைக்கு வலப்பக்கம் திறந்திருப்பதால். பந்தின் சுழற்சி அச்சு சாய்ந்துவிடுகிறது, காற்றில் பந்து அந்தச் சாய்வு காட்டும் பக்கமே ஒதுங்குகிறது. டிரைவரின் முகம் ஏறக்குறைய செங்குத்து, சாய்வு பத்துப் பாகை அளவுதான். ஏழாம் நம்பருக்கோ முப்பது பாகைக்கு மேல். சாய்வு கூடினால் பந்து பின்பக்கமாக அதிகம் சுழலும், பக்கவாட்டு வளைவு அடங்கும். அதே கை, அதே தப்பு, ஆனால் ஏழாம் நம்பரில் பத்து மீட்டர் விலகுகிற பந்து டிரைவரில் காட்டுக்குள் போகும். வளைவைச் சரிக்கட்ட இன்னும் ஓங்கி அடித்தால் இன்னும் தூரமாகப் போய் இன்னும் அதிகமாக வளையும். புதியவர்கள் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

“ரேஞ்சுல மட்டும் நேரா போகுதே?”

நியாயமான கேள்வி. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் திடலில் காரை அழகாகப் பின்னால் எடுத்து நிறுத்துகிறவனை, பெருநாள் விடுமுறையில் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டால் என்ன ஆகும்? ரேஞ்சுக்கும் தளத்துக்கும் உள்ள தூரம் அவ்வளவு. ரேஞ்சில் தரை சமம், பந்து எப்போதும் ஒரே இடத்தில். தப்பாக அடித்த பந்தை யாரும் போய் எடுக்க வேண்டாம், அடுத்தது தயாராக இருக்கிறது. ஏழாம் நம்பரை எடுத்தால் முப்பது பந்துக்கு அதேதான். இருபதாவது பந்தில் கை பழகிவிடும். தளத்தில் அந்த இருபதாவது பந்து வருவதே இல்லை, ஒவ்வொன்றும் முதல் பந்து.

இன்னொரு விஷயத்தை ரேஞ்சுக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். அந்தச் செயற்கைப் பாய் பொய் சொல்லும். பந்துக்குப் பின்னால் இரண்டு விரல் தள்ளித் தரையில் அடித்தாலும் கிளப் பாயில் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொட்டுவிடும். நன்றாக அடித்தோம் என்று நினைத்துக்கொள்கிறோம். நம் ஊர்த் தளங்களில் பலவற்றில் இருப்பது கௌ கிராஸ், அகல இலைப் புல். முதல் நாள் மழை பெய்திருந்தால் கீழே மண் களிபோல் இருக்கும். அதில் இரண்டு விரல் பின்னால் அடித்தால் கிளப் அங்கேயே புதைந்துகொள்ளும், பந்து பத்தடி நகரும். தம்பி அன்று தொட்டதெல்லாம் இப்படித்தான் போயிருக்கிறது. திடீரென்று ஆட்டம் மறந்துபோகவில்லை. பாய் மறைத்து வைத்ததைப் புல் காட்டிக்கொடுத்திருக்கிறது.

பன்னிரண்டாவது குழியில் இடி எச்சரிக்கைச் சைரன் ஊதி, முக்கால் மணி நேரம் கொட்டகையில் ஒதுங்கி நின்றார்களாம். ஜோகூரில் மத்தியானத்துக்கு மேல் ஆடப் போனால் இதுவும் உண்டு. உடம்பு ஆறிப்போய் மறுபடி வந்து அடிக்கிற முதல் பந்து யாருக்கும் சரியாக வராது. அதற்கும் அவன் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறான்.

ரொட்டி வந்தது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: “பெரிய ஆட்டக்காரங்களுக்கு இப்படில்லாம் ஆகாதுல்ல?”

நம் ஜோகூரிலேயே, கோத்தா திங்கி மாவட்டம் டெசாருவில், எர்னி எல்ஸ் வடிவமைத்த தளம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காக்காரர், நான்கு முறை மேஜர் பட்டம் வென்றவர். 2016 மாஸ்டர்ஸ் போட்டியின் முதல் குழியில், மூன்றடிக்கும் குறைவான தூரத்திலிருந்து அவர் ஆறு பட் அடித்தார். பார் நான்குக்கு 9. உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. கெவின் நா என்ற அமெரிக்கர் 2011 டெக்சாஸ் ஓப்பனில் ஒரு பார் நான்கில் 16 அடித்தார். காரணம், நம் தம்பியுடையதுதான்: மரங்களுக்குள் போன பந்தை அங்கிருந்தே அடித்து வெளியே எடுக்கப் பார்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவர் அமெரிக்கச் சுற்றில் தன் முதல் பட்டத்தை வென்றார். இவையெல்லாம் அபூர்வம் என்று தள்ளினாலும், அன்றாடக் கணக்கு ஒன்று இருக்கிறது: அமெரிக்கச் சுற்றில் ஆடுகிறவர்களே எட்டடித் தூரப் பட்டில் பாதியைத்தான் உள்ளே போடுகிறார்கள். தம்பி எட்டடிப் பட்டைத் தவறவிட்டு மட்டையைத் தரையில் அடித்தானாம். எந்த உரிமையில்?

விஜய் சிங் கதையும் அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. ஃபிஜி இந்தியர். எண்பதுகளில் ஆசியச் சுற்றில் ஆட முடியாமல் போனபோது, சபாவிலும் சரவாக்கிலும் கிளப்புகளில் பயிற்சியாளராக வேலை பார்த்தார். போர்னியோ வெயிலில் தனியாகப் பந்து அடித்துக்கொண்டிருந்த அந்த மனிதர்தான் 2004-இல் டைகர் வுட்ஸை இறக்கிவிட்டு உலகின் முதலிடத்துக்குப் போனார். நம்மவர்களுக்கும் இந்த ஆட்டம் அந்நியமில்லை. மலாயாத் தோட்டங்கள் சிலவற்றில் துரைமார் ஒன்பது குழித் தளம் போட்டு ஆடினார்கள், புல் வெட்டியதும் பை தூக்கியதும் நம் சனம். பின்னாளில் எம். ராமையா, பி. குணசேகரன் என்று தமிழ்ப் பெயர்கள் மலேசியாவின் தொழில்முறை ஆட்டக்காரர்கள் வரிசையில் வந்தன. ஆனால் யாரும் வாரம் ஒரு கூடைப் பந்து அடித்து அங்கே போய்ச் சேரவில்லை.

அப்படியானால் இடைப்பட்ட காலத்தில் மனம் நோகாமல் ஆட என்ன வழி? தொண்ணூறு வருடத்துக்கு முன்பே ஒரு டாக்டர் மருந்து கண்டுபிடித்திருக்கிறார். இங்கிலாந்தில் லிவர்பூல் பக்கம் வாலசி கிளப்பைச் சேர்ந்த ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு. கடற்காற்றில் ஆரம்பக் குழிகளிலேயே கணக்குக் கெட்டுப்போய், மிச்ச ஆட்டத்தை வெறுத்து ஆடுகிறவர்களைப் பார்த்து அவர் ஒரு புள்ளி முறை வகுத்தார். 1932 மே மாதம் வாலசியில் அதில் முதல் போட்டி நடந்தது. சலுகையைக் கழித்துப் பார் அடித்தால் இரண்டு புள்ளி. ஒன்று குறைத்து அடித்தால் மூன்று, ஒன்று கூடினால் ஒன்று, இரண்டு கூடினால் சுழியம். அதற்குக் கீழே எண்ணே கிடையாது.

தம்பியின் ஏழாவது குழியை இதில் போட்டுப் பாருங்கள். ஏழுக்கு இரண்டு புள்ளி, எட்டுக்கு ஒன்று, ஒன்பதுக்கு ஒன்றுமில்லை. எட்டு அடித்தும் பந்து விழவில்லையா? கையில் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்கு நடக்கலாம். யாரும் காத்திருக்க வேண்டாம், பின்னால் வரும் குழுவும் முறைக்காது. ஹேண்டிகாப் கணக்கிலும் அந்தக் குழிக்கு ஒன்பதுக்கு மேல் ஏறாது. 10 அடித்தாலும் 16 அடித்தாலும் ஒன்பதுதான். தொலைந்த பந்தைத் தேடவும் இப்போது மூன்று நிமிடம்தான் அனுமதி, 2019-க்கு முன்பு ஐந்தாக இருந்தது. ஆக, அடுத்தவர்களைத் தேட வைத்துவிட்டோமே என்ற கூச்சத்துக்கும் விதியே ஓர் எல்லை போட்டிருக்கிறது.

அடுத்த ஆட்டத்துக்கு அவனிடம் நான் கேட்டுக்கொண்டது கொஞ்சம்தான். டிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும். பதினான்கு கிளப் வரை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் விதி, பதினான்கும் இருந்தாக வேண்டும் என்று எங்கும் இல்லை. ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், சாண்ட் வெட்ஜ், பட்டர் போதும். மொத்த அடியை எழுத வேண்டாம், புள்ளியை மட்டும் எழுதட்டும். ரேஞ்சுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியைப் பட்டிங் கிரீனில் செலவழிக்கட்டும். பாரில் பாதி பட் என்று தெரிந்த பிறகும் அதைப் பழகாமல் இருப்பது பிடிவாதம். அன்று அவன் அடித்த பட் 47. குழிக்கு இரண்டு என்றால் 36. அந்தப் பதினொன்றில் ஆறைக் குறைத்தாலே 125, சலுகைக் கணக்குக்குள் வந்துவிடுவான். ஸ்விங்கில் ஒரு மாற்றமும் வேண்டாம்.

“அப்போ டிரைவர எப்பத்தாண்ணே எடுக்கறது?”

ஏழாம் நம்பரில் ஒன்பது குழி முடித்தும் ஒரு பந்துகூடத் தொலையாத நாளுக்கு அடுத்த நாள்.

புதியவர்களைத் தளத்துக்குக் கூட்டிப்போகும் பெரியவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். தம்பியோடு போன மூவரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒருவர் தலையைத் தூக்காதே என்றார், இன்னொருவர் முழங்கையை நீட்டு என்றார், மூன்றாமவர் பிடியையே மாற்றச் சொன்னார். ஒன்றரை வினாடிக்குள் முடிகிற வீச்சில் மூன்று யோசனையை யாராலும் செயல்படுத்த முடியாது. தளத்தில் பாடம் நடத்தாதீர்கள், அதை ரேஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவையே 18 குழிக்கு இழுத்துக்கொண்டு போகாமல், கூட்டம் குறைந்த சாயங்கால நேரமாகப் பார்த்து ஒன்பது குழியோடு நிறுத்துங்கள். பந்து எந்தப் பக்கம் போனது என்று பார்த்துச் சொல்லுங்கள். அது போதும்.