ஒரு வரி போதும் பாஸ்!

நீங்க இலத்தூர்ல இருந்து காலேஜ் போறவர்னு வெச்சுக்கோங்க. சிம்போசியத்துக்கு பஸ் விடணும். ஹெச்.ஓ.டி. ஆயிரம் பேர் விவரம் இருக்கிற டெக்ஸ்ட் ஃபைலை நீட்டி, "குற்றாலத்துப் பசங்க பேரும் போனும் மட்டும் நாளைக்கு வேணும்ப்பா"ங்கிறார். விடிய விடிய காப்பி-பேஸ்ட்டா?

வேண்டாம், 'ஆக்' இருக்கு! 1977-ல் அமெரிக்காவின் பெல் லேப்ஸில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூணு பேரும் உருவாக்கிய குட்டி மொழி. அவங்க இனிஷியல்தான் அதோட பேரு. லினக்ஸில் இலவசம்.

ஒவ்வொரு வரியையும் அதுவே துண்டு போடும். பேரு $1, முகவரி $2, பின்கோடு $3, போன் $4. 'கமாவில் பிரி; $3 == 627802 என்றால் $1, $4 காட்டு'ன்னு அதோட பாஷையில ஒரே வரி. லிஸ்ட் ரெடி! சமக்குறி மட்டும் ரெண்டு போடுங்க. ஒண்ணு போட்டா ஆயிரம் பேரும் குற்றாலத்துக்காரங்க ஆயிடுவாங்க!

இன்னொரு உஷார். "12, மேலத் தெரு"ன்னு முகவரிக்குள்ளேயே கமா இருந்தா, பின்கோடு $4-க்குத் தள்ளிப்போயிடும். அந்தப் பையன் பேரு சத்தமில்லாம விட்டுப்போகும். பஸ் கிளம்பிடும், அவன் ஸ்டாப்லயே நிப்பான். அதனால, நாலு துண்டுக்கு மேல வர்ற வரிகளை முதல்ல காட்டச் சொல்லி, சரி பண்ணிக்கோங்க.

தென்காசி பக்கத்துல மத்தளம்பாறைக்கே 2011-ல் ஸோஹோ ஆபீஸ் வந்தாச்சு. சாஃப்ட்வேர் வேலைன்னா சென்னைக்கு ரயிலேறித்தான் ஆகணும்னு இல்லை. இன்னிக்கே ஒரு ஃபைலை எடுங்க. ஒரிஜினலைத் தொடாம, காப்பியில ட்ரை பண்ணுங்க!