100-ல் இல்லாத நடுக்கம் 20-ல் எங்கிருந்து வருது?

கிருஷ்ணகிரி பக்கமிருந்து என்.எச். 44-ல் (பழைய 7) வரும்போது வண்டி 90, 100-ல் அலுங்காமல் குலுங்காமல் ஓடும். தருமபுரியில் பிரிந்து, பென்னாகரம் தாண்டி, ஒகேனக்கல் மலைப்பாதையில் வேகம் 20, 30-க்குக் குறைந்ததும் ஸ்டியரிங் லேசாக இடமும் வலமும் ஆட ஆரம்பிக்கும். சில வண்டிகளில் பிரேக் மிதிக்கும்போது மட்டும் காலடியில் துடிப்பு. இன்னும் சிலவற்றில் இறங்கும்போது ஒன்றும் இருக்காது, திரும்பி ஏறும்போது முதல் கியரில் எடுக்கிற இடத்தில் வண்டி மொத்தமும் உதறும். ரோடு சரியில்லை என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொண்டு ஊர் வந்து சேருவோம். மறுநாள் டயர் கடையில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "வீல் பேலன்ஸிங் பண்ணிடுங்க சார்."

மூன்றும் மூன்று வேறு வியாதி. மூன்றுக்குமே வீல் பேலன்ஸிங் மருந்து இல்லை. ஏன் இல்லை என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும்.

சின்ன கார்களில் வருகிற 155/80 ஆர்13 டயரின் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். ரிம்மின் ஓரத்தில் ஒரு பக்கம் 30 கிராம் எடை கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 100 கி.மீ. வேகத்தில் அந்த 30 கிராம் சக்கரத்தை வெளியே இழுக்கிற விசை கிட்டத்தட்ட 5 கிலோ எடைக்குச் சமம். இந்த விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் 20 கி.மீ. வேகத்தில் அது 25-ல் ஒரு பங்காகிவிடும், அதாவது 200 கிராம் கூட இல்லை. ஒரு டன் வண்டியை 200 கிராம் என்ன செய்யும்? பேலன்ஸிங் கோளாறு 80-க்கு மேலேதான் பேசும். 20-ல் ஆடுகிற வண்டிக்குப் பேலன்ஸிங் செய்வதில் காசு போவது பெரிய விஷயமில்லை, 'சரி பண்ணியாச்சு' என்ற நிம்மதிதான் ஆபத்து.

அப்படியானால் எங்கே தேடுவது? நடுக்கம் எதோடு சேர்ந்து சுற்றுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். மேலே சொன்ன டயருக்கு ஒரு சுலப வாய்பாடு: வேகத்தை 6.5-ஆல் வகுத்தால் சக்கரம் நொடிக்கு எத்தனை சுற்று என்று வந்துவிடும். 20-ல் ஓடினால் நொடிக்கு மூன்று. அதை வாய்விட்டு எண்ணலாம். எஞ்சின் கதையே வேறு. 800 ஆர்.பி.எம். ஐடிலிங்கில் மூன்று சிலிண்டர் எஞ்சின் நொடிக்கு 20 முறை, நான்கு சிலிண்டர் எஞ்சின் சுமார் 27 முறை எரிகிறது. எண்ண முடியாது, விர்ர்ரென்று உணரத்தான் முடியும். (மூன்று சிலிண்டர் வண்டிகள் ஐடிலிங்கில் கொஞ்சம் நடுங்குவது பிறவிக்குணம். புது ஆல்டோவிலும் இருக்கும்.)

எண்ணிக்கையில் சந்தேகம் இருந்தால், ஆள் நடமாட்டம் இல்லாத சமதளமான நேர்ச்சாலையில் 30-ல் போகும்போது கிளட்சை மிதித்துப் பாருங்கள். நடுக்கம் அப்படியே தொடர்ந்தால் கோளாறு சக்கரம், டயர் பக்கம். சட்டென்று நின்றால் எஞ்சின், கிளட்ச், ஆக்சில் பக்கம். மலைப்பாதையில் இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

மூன்றில் பயப்பட வேண்டியது முதலாவது, அந்த மெதுவான ஸ்டியரிங் ஆட்டம். எடை வித்தியாசத்துக்கு வேகம் தேவை, வடிவக் கோளாறுக்குத் தேவையில்லை. டயரில் ஒரு இடம் 3 மில்லிமீட்டர் புடைத்திருந்தால், நடக்கிற வேகத்தில் உருட்டினாலும் அந்த இடம் தரையைத் தொடும்போது சக்கரம் தூக்கித்தான் போடும். வேகம் கூடினால் அது நின்றுவிடுவதும் இல்லை. எண்ண முடியாத சிறு அதிர்வாக மாறி சாலைச் சத்தத்தோடு கலந்துவிடுகிறது. நூறில் நமக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

இந்தப் புடைப்பு எப்படி வருகிறது? பள்ளத்தில் வேகமாக விழும்போது டயர் ரிம்முக்கும் பள்ளத்தின் விளிம்புக்கும் நடுவே நசுங்கி, பக்கச்சுவரின் உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகும். அந்த இடம் காற்றழுத்தத்தில் கொழுக்கட்டை மாதிரி வெளியே தள்ளும். இன்னொரு வகை, டயரின் தரைப்பகுதிக்கு அடியில் உள்ள இரும்புக் கம்பிப் பட்டை ரப்பரை விட்டுப் பிரிவது. இது பார்வைக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, டயரின் மேல் உள்ளங்கையை வைத்துச் சுற்றிலும் தடவினால் மேடு தட்டுப்படும். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், அதனால் கவனம். உட்பக்கச் சுவரையும் பார்க்க வேண்டும். வீக்கம் அங்கே இருந்தால் வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. இரண்டு வகைக்கும் ஒட்டு, பஞ்சர் எல்லாம் கிடையாது. அந்த டயர் வெடிக்கப்போகிற டயர்.

அண்மையில் டயர் மாற்றியிருந்தால் வீல் நட்டையும் முடுக்கிப் பாருங்கள். தளர்ந்த நட்டும் இதே மாதிரிதான் ஆடும், கூடவே 'டொக் டொக்' சத்தம் வரும். பல நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டி முதல் சில கிலோமீட்டர் ஆடிவிட்டு நின்றால் கவலையில்லை. டயர் தரையில் அழுந்தித் தட்டையான இடம், சூடேறியதும் சரியாகிவிடும்.

பிரேக் துடிப்பு இறக்கத்தில் பிறக்கிற வியாதி. ஐந்து பேரோடு 1,250 கிலோ வண்டி 250 மீட்டர் உயரம் இறங்குகிறது என்று வையுங்கள். அந்த ஆற்றல் முழுதும் வெப்பமானால் 10 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரும். எஞ்சின் தன் பங்கைத் தடுத்துக்கொள்ளாவிட்டால் இதில் பெரும்பகுதி முன்பக்க இரண்டு டிஸ்க்குகளின் தலையில்தான் விடியும். ஏறுகிற கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்குத்தான். நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர்கள் பிரேக்கைக் கொடுத்து பெட்ரோலை வாங்குகிறார்கள். மிச்சமும் ஆவதில்லை: கியரில் இறங்கும்போது இன்றைய எஞ்சின்கள் எரிபொருளை நிறுத்திக்கொள்ளும், நியூட்ரலில் ஐடிலிங்குக்கு எரிக்கும்.

'டிஸ்க் வளைஞ்சு போச்சு' என்பார்கள். பெரும்பாலும் வளைவதில்லை. சூடான டிஸ்க்கில் பேடின் பொருள் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்கிறது, அல்லது டிஸ்க் சமமில்லாமல் தேய்கிறது. தடிமனில் 0.02 மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், தலைமுடியை விட மெல்லியது, காலுக்குத் தெரிந்துவிடும். கீழே இறங்கியதும் பிரேக்கை அழுத்தி மிதித்தபடியே நிற்பது அந்தத் திட்டை உண்டாக்குகிற நேர்வழி. கொஞ்ச தூரம் மெதுவாக உருட்டிச் சூடு ஆறியபின் நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் சக்கரத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும். துடிப்பு ஸ்டியரிங்கிலும் தெரிந்தால் முன் டிஸ்க், சீட்டில் மட்டும் தெரிந்தால் பின் டிரம் என்று சந்தேகிக்கலாம். ஈரத்தில் இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் முதல் நாலைந்து பிரேக்குக்குக் கரகரத்தால் அது வெறும் துரு.

ஏற்றத்தில் உதறுவது அவசரமில்லை. கிளட்சை விடும் அந்த ஓரிரு நொடி மட்டும் உதறினால் கிளட்ச் பிளேட், அல்லது எஞ்சின் மவுண்ட் ரப்பர். கிளட்சை முழுதாக விட்டபிறகும் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது உதறி, காலை எடுத்ததும் நின்றால் ஆக்சிலின் உள்பக்க ஜாயின்ட். முழுதாகத் திருப்பும்போது 'டக் டக்'கென்றால் வெளிப்பக்க ஜாயின்ட்.

மெக்கானிக்கிடம் "வண்டி ஆடுது" என்று மட்டும் சொல்லாமல், எந்த வேகத்தில், பிரேக்கிலா ஆக்சிலரேட்டரிலா, கையிலா காலிலா சீட்டிலா, கிளட்ச் மிதித்தால் நிற்கிறதா என்று சொல்லுங்கள். பாதி வேலை முடிந்தது.

டயரைத் தடவிப் பார்க்கிற வேலையை மட்டும் பென்னாகரத்திலேயே முடித்துவிடுங்கள். அதற்குக் கீழே காடு, யானை நடமாடுகிற இடம், வண்டியை ஓரங்கட்டி ஜாக்கி போடுகிற இடமில்லை. மேடு தட்டுப்பட்டால் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு இறங்கலாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று கிளம்பும்போதே பார்த்துவிடுங்கள்.