வயிறு ஒருத்தியுடையது, ஏக்கம் இன்னொருத்தியுடையது: ‘பேபி மாமா’ சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

அவசரமாகக் கழிப்பறைக்கு ஓடி வருகிறாள் ஆஞ்சி. அந்த வீட்டில் குழந்தை இன்னும் பிறக்கவில்லை. ஆனாலும், வரப்போகும் குழந்தைக்காகக் கழிப்பறை மூடிக்குக்கூடப் பாதுகாப்புப் பூட்டு போட்டு வைத்திருக்கிறாள் வீட்டுக்காரி கேட். ஆஞ்சி எவ்வளவு முயன்றும் பூட்டு திறக்கவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் கைகழுவும் தொட்டியில் ஏறி உட்கார்ந்துவிடுகிறாள்.

2008 ஏப்ரலில் அமெரிக்காவில் வெளியான ‘பேபி மாமா’ படத்தில் இது சில நொடிகளில் முடிந்துவிடும் காட்சி. திரையரங்கம் சிரித்து ஓய்ந்த பிறகும் மனதில் நிற்கிறது. குழந்தைக்கு அடிபடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துப் பூட்டு வாங்கியவளுக்கு, அந்தக் குழந்தையைச் சுமப்பவளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள் என்பது தோன்றவில்லை. வாடகைத்தாய் முறையின் அடிப்படைச் சிக்கலே இதுதான்.

கேட் ஹோல்புரூக்குக்கு 37 வயது. ஃபிலடெல்ஃபியாவில், இயற்கை உணவுப் பொருள்கள் விற்கும் பெரிய நிறுவனத்தில் துணைத் தலைவர். திருமணமாகவில்லை, குழந்தை வேண்டும். அவளுடைய கருப்பையில் கரு தங்க பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்று மருத்துவர் கைவிரித்துவிடுகிறார். ஒரு லட்சம் டாலர் செலவில் வாடகைத்தாய் ஏற்பாட்டுக்குச் சம்மதிக்கிறாள். அந்த ஏற்பாட்டைச் செய்து தரும் நிறுவனம் காட்டும் பெண் ஆஞ்சி. கையில் காசில்லை, நிலையான வேலையில்லை, உடன் வாழும் கார்ல் ஒரு பொறுப்பற்ற ஆள். அவனோடு சண்டையிட்டுக்கொண்டு ஆஞ்சி ஒருநாள் கேட்டின் வாசலில் வந்து நிற்க, ஏணி வைத்தாலும் எட்டாத இரண்டு வாழ்க்கைகள் ஒரே கூரையின் கீழ் வந்துவிடுகின்றன. மென்ற சூயிங்கத்தை விலையுயர்ந்த மேசைக்கு அடியில் ஒட்டி வைக்கிறவள் ஒருத்தி, பார்த்துத் துடித்துப் போகிறவள் இன்னொருத்தி.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்க் காதுக்கு ‘மாமா’ என்றால் உறவுமுறை ஞாபகம் வந்துவிடும். இங்கே அது ‘அம்மா’. மணம் செய்துகொள்ளாமல் ஒருவருக்குப் பிள்ளை பெற்றுக் கொடுத்த பெண்ணைக் குறிக்க அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சுவழக்கில் புழங்கிய சொல். கேட் வசிக்கும் கட்டடத்தின் வாயிற்காவலர் ஆஸ்கர்தான் இந்த உறவை அந்தச் சொல்லால் பார்க்கிறார்.

கேட்டாக நடித்த டினா ஃபேயும் ஆஞ்சியாக நடித்த ஏமி போலரும் இல்லையென்றால் இந்தப் படம் நின்றிருக்காது. சிகாகோவில் நாடகம் பயின்ற காலத்திலிருந்தே தோழிகள். ‘சாட்டர்டே நைட் லைவ்’ நிகழ்ச்சியின் நையாண்டிச் செய்திப் பகுதியை 2004 முதல் 2006 வரை இருவரும் ஒன்றாக வாசித்தார்கள். அந்த மேசையில் இரண்டு பெண்கள் மட்டும் அமர்ந்தது அதுவே முதல் முறை. எழுதி இயக்கிய மைக்கேல் மெக்கல்லர்ஸுக்கு இது முதல் இயக்கம். பொருந்தா ஜோடிக் கதை என்றால் இரண்டு ஆண்கள் என்று ஹாலிவுட் பழகியிருந்த நேரத்தில், வெளியான வாரத்தில் வசூலில் முதலிடம் பிடித்தது இந்தப் படம்.

மருத்துவர் சொல்லும் குறையைப் படம் நகைச்சுவையாகக் கடந்துவிடுகிறது. கேட்டின் கருப்பை ஆங்கில ‘டி’ எழுத்தின் வடிவில் இருக்கிறதாம். அப்படி ஒரு குறை நிஜமாகவே உண்டு. அதன் பின்னால் ஒரு சோக வரலாறும் உண்டு. கருச்சிதைவைத் தடுக்கும் என்று நம்பி, டைஎதில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஹார்மோனை 1940கள் தொடங்கி அமெரிக்கக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வந்தார்கள். தாய்மார்கள் விழுங்கிய மாத்திரை, வயிற்றிலிருந்த பெண் குழந்தைகளின் கருப்பையைப் பாதித்தது. சிலருக்கு அரிய வகைப் புற்றுநோயும் வந்தது. 1971இல்தான் கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று அரசு எச்சரித்தது. 2008இல் 37 வயது என்றால், கேட் பிறந்தது ஏறக்குறைய அந்த ஆண்டு.

வாடகைத்தாய் முறை இரண்டு வகை. பழைய வகையில் சுமக்கும் பெண்ணின் கருமுட்டையே பயன்படும். மரபணுப்படி அவளே தாய். புதிய வகையில், ஆய்வகத்தில் உருவான கருவை அவள் கருப்பையில் வைப்பார்கள். மரபணுத் தொடர்பு இருக்காது. கேட் தேர்ந்தெடுப்பது இரண்டாவது வகை.

முதல் வகை எவ்வளவு பெரிய காயத்தை உண்டாக்கும் என்பதை அமெரிக்கா ஏற்கெனவே பார்த்திருந்தது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து டெலவேர் ஆற்றைக் கடந்தால் நியூ ஜெர்சி. 1986இல் அந்த மாநிலத் தம்பதி ஒன்றுக்காக 10,000 டாலர் ஒப்பந்தத்தில் குழந்தை பெற்ற பெண், பிறந்த பிறகு கொடுக்க மனம் வராமல் மறுத்துவிட்டார். ‘பேபி எம்’ வழக்கு என்று நாடே அதைப் பேசியது. 1988 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம், காசுக்குப் பிள்ளை பெறும் ஒப்பந்தம் செல்லாது என்றது. ஆனாலும், குழந்தையின் நலன் கருதித் தந்தையிடமே ஒப்படைத்தது; பெற்றவருக்குச் சட்டப்படி தாய் என்ற தகுதியும் குழந்தையைப் பார்க்கும் உரிமையும் கிடைத்தன. 1993இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம், இரண்டாவது வகை தொடர்பான வழக்கில், பெற்று வளர்க்க வேண்டும் என்ற எண்ணத்தோடு யார் தொடங்கினாரோ அவரே தாய் என்று தீர்ப்பளித்தது.

இந்தப் பின்னணியோடு பார்த்தால், படம் எங்கே நழுவுகிறது என்பது புரியும். ஆஞ்சியின் வயிற்றில் வைத்த கரு தங்கவில்லை. பணம் போய்விடுமே என்று கர்ப்பம்போல நடிக்கிறாள். ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரிகிறது, உண்மையிலேயே கர்ப்பம். அது கார்லின் குழந்தை. பொய் அம்பலமாகி விவகாரம் நீதிமன்றம் போகிறது. மரபணுப் பரிசோதனை முடிவு வந்ததும் வழக்கும் முடிந்துவிடுகிறது. கரு கேட்டுடையதாக இருந்து, ஒன்பது மாதம் சுமந்த ஆஞ்சிக்குப் பிரிய மனம் வராமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்க வேண்டிய கேள்வி அதுதான். படம் அந்த வாசல்வரை வந்து திரும்பிவிட்டது.

இறுதியில் கேட்டும் இயற்கையாகவே கருவுறுகிறாள். பத்து லட்சத்தில் ஒன்று பலித்துவிடுகிறது. நகைச்சுவைப் படம் மகிழ்ச்சியாக முடிய வேண்டும் என்பது சரிதான். ஆனால், “ஏதாவது விசேஷம் உண்டா?” என்ற கேள்வியை ஆண்டுக்கணக்கில் கேட்டு நொந்துபோன பெண், இந்த முடிவில் எப்படிச் சிரிப்பாள்? அவளுக்கு இந்தப் படம் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். குழந்தையில்லாமலும் கேட் நிறைவான பெண்தான் என்றோ, வேறொருத்தி பெற்றுத் தந்தாலும் அவள் முழுத் தாய்தான் என்றோ சொல்லும் துணிச்சல் இருந்திருந்தால், இதைவிட நல்ல படமாகியிருக்கும்.

ஒரு விஷயத்தில் படம் பாராட்டுக்குரியது. ஏழைப் பெண் என்பதால் ஆஞ்சியைப் பாவப்பட்டவளாக்கவில்லை. அவளுக்குக் கோபம் வருகிறது, பொய் சொல்கிறாள், வெட்கப்படுகிறாள், ஆசைப்படுகிறாள். தமிழில் ‘வாடகைத்தாய்’ என்கிறோம். வீட்டுக்குக் கொடுப்பதும் வாடகை, சைக்கிளுக்குக் கொடுப்பதும் வாடகை. அந்தச் சொல்லுக்குள் காணாமல் போகும் மனுஷியை ஏமி போலர் முழு உருவத்தோடு திரையில் நிறுத்திவிட்டார்.

படம் வெளியான அதே 2008இல், ஜூலை மாதம், குஜராத்தின் ஆனந்த் நகரில் ஜப்பானியத் தம்பதி ஒன்றுக்காக வாடகைத்தாய் மூலம் ஒரு குழந்தை பிறந்தது. பிறப்பதற்கு முன்பே தம்பதி பிரிந்துவிட்டார்கள். குழந்தையை அழைத்துச்செல்ல வழி தெரியாமல் விவகாரம் உச்ச நீதிமன்றம்வரை போனது. இங்கே அதற்கென்று சட்டம் எதுவும் அப்போது இல்லை. 2021இல் வெளிவந்த ‘மிமி’ இந்திப் படம், வெளிநாட்டுத் தம்பதி கைவிட்டுப்போன கர்ப்பத்தோடு நிற்கும் பெண்ணைக் காட்டியது.

அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வாடகைத்தாய் ஒழுங்குமுறைச் சட்டம், 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையில் இருக்கிறது. மருத்துவச் செலவும் காப்பீடும் தவிர, சுமக்கும் பெண்ணுக்குப் பணம் கொடுக்கக் கூடாது. அவர் 25 முதல் 35 வயதுக்குள், மணமாகி, சொந்தக் குழந்தை உள்ளவராக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு முறைதான் இதற்கு அனுமதி. தனித்து விண்ணப்பிக்கும் பெண் கணவரை இழந்தவராகவோ மணமுறிவு பெற்றவராகவோ, 35 முதல் 45 வயதுக்குள் இருக்க வேண்டும். இந்தச் சட்டத்தின்படி, மணமாகாத கேட் இங்கே விண்ணப்பிக்கவே முடியாது. பிள்ளை பெற்றிராத ஆஞ்சிக்கும் சுமக்க அனுமதி கிடைக்காது.