உட்கூரை வான ஓவியம்

உட்கூரை வான ஓவியம் என்பது அறையின் உட்கூரையில் நீல வானம், மேகங்கள், விண்மீன்கள் ஆகியவற்றைத் தீட்டி, மேலே திறந்தவெளி இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்கும் அலங்கார முறையாகும். கல்லறைகளிலும் தேவாலயங்களிலும் அரண்மனைகளிலும் காணப்பட்ட இம்முறை, இன்று வீடுகளில், குறிப்பாகக் குழந்தைகளின் அறைகளில் கையாளப்படுகிறது.

வரலாறு

பண்டைய எகிப்தின் அரசி நெஃபர்தாரியின் கல்லறைக் கூரையில் அடர்நீலப் பரப்பின்மேல் பொன்னிற விண்மீன்கள் வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. இத்தாலியின் பதுவா நகரிலுள்ள ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தின் கூரையையும் ஓவியர் ஜோத்தோ 1305ஆம் ஆண்டளவில் விண்மீன் வானமாகவே அமைத்தார். இவை வானத்தைக் குறிக்கும் அலங்காரங்கள். கூரையே திறந்திருப்பதாகக் கண்ணை நம்பவைக்கும் ஓவியத்தை ஆந்திரேயா மான்தேஞ்ஞா 1474இல் மாந்துவா அரண்மனையின் ஓர் அறையில் முடித்தார். அதில் வட்டமான திறப்பின் வழியே வானமும் மேகமும் தெரிய, விளிம்பைச் சுற்றி நிற்பவர்கள் கீழே எட்டிப் பார்க்கின்றனர்.

தோற்றத்தின் அடிப்படை

வானம் எங்கும் ஒரே நீலமாக இருப்பதில்லை. தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது ஒளி கடந்துவரும் காற்றின் தடிமன் குறைவு. அதனால் நீலம் அடர்த்தியாகத் தெரிகிறது. தொடுவானத்தின் பக்கம் காற்றின் தடிமன் மிகுதி. அங்கு ஒளி பலமுறை சிதறுவதால் வானம் வெளிறித் தெரிகிறது. எனவே கூரையின் நடுவில் அடர்நீலமும், சுவரை நெருங்க நெருங்க வெண்மை கலந்த இளநீலமும் வரவேண்டும். ஒரே நீலத்தை முழுவதும் பூசினால் அது நீல நிறக் கூரையாகவே தெரியும்.

மேகங்களுக்கும் இதே விதி பொருந்தும். நடுவிலுள்ளவை பெரிதாகவும், ஓரத்திலுள்ளவை சிறிதாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். சன்னல் உள்ள பக்கம் ஒளிர்வாகவும், எதிர்ப்பக்கம் மெல்லிய சாம்பல் நிறமாகவும் அமைந்தால் அறையின் வெளிச்சத்தோடு ஓவியம் ஒத்துப்போகும்.

செய்முறை

1. நீர்க்கசிவு இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டும். ஈரமுள்ள கூரையில் வண்ணம் உரிந்துவிடும்.
2. விரிசல்களில் பட்டி பூசி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடிக்க வேண்டும்.
3. பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் ஏற்றது. பளபளப்பான வண்ணம் விளக்கொளியைப் பிரதிபலித்துத் தோற்றத்தைக் கெடுக்கும்.
4. ஒருவர் ரோலரால் பூச, மற்றொருவர் இரு நீலங்கள் சேரும் இடத்தை ஈரம் காயும் முன்பே அகலத் தூரிகையால் கலக்க வேண்டும். எமல்ஷன் விரைவில் காய்வதால் தனியாளாகச் செய்வது கடினம்.
5. நீலம் நன்கு காய்ந்தபின், நீர் கலந்த வெள்ளையை ஸ்பாஞ்சால் ஒற்றி, உலர்ந்த தூரிகையால் ஓரங்களை மென்மையாக்க வேண்டும்.
6. அவ்வப்போது கீழே இறங்கி நின்று பார்க்க வேண்டும். அருகில் சரியாகத் தெரியும் மேகம் கீழிருந்து வெறும் திட்டாகத் தெரியலாம்.

இரவு வானம் வேண்டுவோர், ஒளியைச் சேமித்து இருளில் மிளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் கலந்த வண்ணத்தால் இதன்மேலேயே புள்ளிகள் வைக்கலாம்.

பாதுகாப்பு

பழைய வீடுகளின் வண்ணப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவைப் பத்து லட்சத்தில் 90 பங்காகக் கட்டுப்படுத்தும் விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே பழைய பூச்சை உலர்ந்த நிலையில் தேய்க்காமல், நனைத்துத் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். வேலை முடியும்வரை குழந்தைகளை அந்த அறைக்குள் விடக்கூடாது.